புலியும் செந்நாயும் மோதினால்: காட்டுப் பூனைகளின் சண்டைக்குப் பின்னால் உள்ள கணக்கு

கருஞ்சிறுத்தையை நாய்க்கூட்டம் சுற்றி வளைக்கிறது. புலியைக் கரடி விரட்டுகிறது. சிங்கத்தின் வாயிலிருந்து கழுதைப்புலிகள் இரையைப் பிடுங்குகின்றன. கோலாலம்பூரில் இந்தக் காணொளிகள் வந்துசேராத குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்காது. கூடவே "இது நம்ம பகாங்குல எடுத்தது" என்று ஒரு குரல்பதிவும் வரும். அதே வாரம் கிளந்தானிலோ பேராக்கிலோ புலி ஊருக்குள் வந்ததாகச் செய்தி வெளியானால், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. செந்நாய்க் கூட்டம் துரத்தியதால்தான் புலி காட்டை விட்டு வந்தது என்கிறார் ஒருவர். வீட்டில் நாய் இருந்தால் சிறுத்தை அண்டாது என்கிறார் இன்னொருவர். முதலாவது நம் காட்டு நிலவரத்தோடு ஒட்டவில்லை. இரண்டாவது ஏறக்குறையத் தலைகீழ்.

யார் ஜெயிப்பார் என்பது பார்ப்பவரின் கேள்வி. விலங்கு கணக்கிடுவது வேறு: இந்த இரைக்காக எவ்வளவு காயம் பட்டால் கட்டுப்படியாகும்? விட்டுக்கொடுத்தால் அடுத்த வேளைக்கு எங்கே போவது? செய்திகளில் நாம் படிக்கும் பெரும்பாலானவை இந்த இரண்டாம் கேள்வியின் விளைவுகள்தான். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

மூன்று வகை மோதல்

"மோதல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன.

1. இரைப் பறிப்பு. ஒரு விலங்கு கொன்றதை இன்னொரு விலங்கு வந்து கைப்பற்றுவது. காணொளிகளில் அதிகம் சிக்குவது இதுதான். சடலம் ஒரே இடத்தில் கிடப்பதால் கேமராவோடு காத்திருக்க முடிகிறது.

2. போட்டிக் கொலை. எதிராளியையே, குறிப்பாக அதன் குட்டிகளை, கொன்றுவிடுவது. சிங்கம் சிவிங்கிப்புலிக் குட்டிகளைக் கொன்று, தின்னாமலே போட்டுவிட்டுப் போவதுண்டு. பசியால் செய்வதல்ல அது. நாளைய போட்டியாளர் குறைந்தார், அவ்வளவே.

3. ஒதுங்கல். வலியவர் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் தவிர்த்து வாழ்வது. இதில் சத்தமில்லை, ரத்தமில்லை, படம்பிடிக்கவும் எதுவுமில்லை. ஆனால் மூன்றில் இதுவே மிகப் பெரியது. ஒரு சிறுத்தை தன் வாழ்நாளில் புலியோடு ஒருமுறைகூடக் கைகலக்காமல் போகலாம். ஆனால் எந்தப் பாதையில் நடப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, குட்டியை எங்கே மறைப்பது என்பதையெல்லாம் புலியை மனத்தில் வைத்தே அது தீர்மானிக்கிறது.

பூனைக்கு ஏன் நீண்ட சண்டை ஒத்துவராது

பதுங்கிச் சென்று சில நொடிகளில் முடித்துவிடும் வேட்டைக்காக அமைந்தது பூனை உடல். தசைகள் வெடிப்பு வேகத்துக்கு ஏற்றவை, ஆனால் விரைவில் களைத்துவிடும். நாய் இனம் இதற்கு நேர்மாறானது; மணிக்கணக்கில் ஓடும், பின்வாங்கும், மறுபடி வரும். முதல் அரை நிமிடத்தில் பூனையின் கை ஓங்கியிருந்தாலும் கால் மணி நேரம் நீடித்தால் நிலைமை மாறும். சிறுத்தை மரத்தில் தாவி ஏறுவது பயந்தாங்கொள்ளித்தனமல்ல. இழுபறியாகப் போகும் சண்டை தனக்கு நட்டம் என்று அதற்குத் தெரியும்.

இரண்டாவது, பற்கள். வளர்ந்த புலியின் கோரைப்பல் 6 செ.மீ. நீளத்தைத் தாண்டும். தொண்டையையோ பிடரியையோ அசையாமல் பிடித்து அழுத்துவதற்கான பல் அது. துள்ளும் எலும்பின்மீது பக்கவாட்டில் மோதினால் முறிந்துவிடும். பெரிய ஊனுண்ணிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய நான்கில் ஒன்றில் உடைந்த பல் ஒன்றாவது இருந்ததைக் கண்டார்கள். அதிகம் உடைவது கோரைப்பல்தான். பல் போன புலிக்குக் கடமானைப் பிடிப்பது கடினமாகிறது. அதற்குப் பிறகு அதன் கண்ணில் படுவது கட்டிப்போட்ட மாடு.

மூன்றாவதுதான் முதன்மையானது. சிங்கம் நீங்கலாக, பெரிய பூனைகள் தனித்து வேட்டையாடுபவை. முன்னங்கால் வீங்கிப் பத்து நாள் படுத்துவிட்டால் அதற்கு இரை கொண்டுவந்து தர யாரும் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் காயம்பட்ட கூட்டாளிக்கு இரையைக் கக்கிக் கொடுக்கின்றன. செந்நாய்களும் குட்டிகளுக்கும் குட்டி காக்கும் தாய்க்கும் அப்படியே ஊட்டுகின்றன. ஆகவே ஒரே காயம் இரு தரப்புக்கும் ஒரே விலையல்ல. கூட்டத்தில் வாழ்வது துணிகிறது, தனித்து வாழ்வது விலகுகிறது.

சந்திப்பு படிப்படியாக எப்படி நகர்கிறது

1. நேரில் பார்க்கும் முன்பே செய்தி போய்விடுகிறது. மரத்தில் பீய்ச்சிய சிறுநீர், பின்கால்களால் பறித்த மண், பாதை நடுவே போட்ட எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் எல்லாமே அறிவிப்புகள். யார், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரத்துக்கு முன் கடந்தது என்பதை மோப்பத்திலேயே அறிகிறார்கள். பெரும்பாலான மோதல்கள் இங்கேயே தவிர்ந்துவிடுகின்றன.

2. பார்த்துவிட்டால் அளவெடுப்பு. எதிராளியின் உடல் அளவு, எத்தனை பேர், குட்டி இருக்கிறதா, நடுவில் இரை கிடக்கிறதா. வயிறு நிறைந்த புலி பாதித் தின்ற பன்றியை விட்டுப் போகலாம். அப்போதுதான் அடித்த பசித்த புலி போகாது.

3. மிரட்டல். காது பின்னோக்கி மடிகிறது, வால் அடித்துக்கொள்கிறது, உறுமல், நாலு அடி பொய்ப் பாய்ச்சல். இதன் நோக்கம் சண்டையைத் தொடங்குவதல்ல, தவிர்ப்பதே. இந்தக் கட்டத்தை வெட்டி ஒட்டித்தான் "பயங்கரச் சண்டை" என்று பரப்புகிறார்கள்.

4. தொடுதல். முதல் மூன்றும் பலிக்காதபோது மட்டும். பெரும்பாலும் நொடிகளில் முடியும்.

கெட்டுப்போவது இரண்டாம் படியில்தான். அடர்ந்த புதரில் திடீரென்று எதிரெதிர் வந்துவிட்டால் அளவெடுக்க நேரமில்லை. தாயும் குட்டியும் இருந்தால் விலகும் வாய்ப்பில்லை. கண்ணியில் காலை இழந்து நொண்டும் விலங்குக்கு விலகும் வேகமில்லை.

எடை ஒருபுறம், எண்ணிக்கை ஒருபுறம்

ஆப்பிரிக்கச் சிங்கமும் புள்ளிக் கழுதைப்புலியும் இதற்குச் சிறந்த உதாரணம். போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் செய்த ஆய்வில், ஒரு பெண் சிங்கத்துக்கு நான்கு கழுதைப்புலிகளுக்கு மேல் சேர்ந்தால், அதுவும் ஆண் சிங்கம் பக்கத்தில் இல்லாவிட்டால், சிங்கங்கள் இரையை விட்டுக்கொடுத்தன. வளர்ந்த ஆண் ஒன்று வந்து நின்றால் கணக்கு மாறியது. இங்கே ஒரு பழைய அவப்பெயரையும் திருத்த வேண்டும்: கழுதைப்புலி வெறும் பிணந்தின்னி அல்ல. தான்சானியாவின் ங்கோரொங்கோரோ எரிவாய்ப் பள்ளத்தில் 1960களில் நடந்த ஆய்வு, கழுதைப்புலி இரவில் வேட்டையாட, விடியலில் சிங்கம் வந்து பறித்துத் தின்பதைக் காட்டியது. பகலில் வந்து பார்த்தவர்கள் திருடனையும் உடையவனையும் மாற்றி எழுதிவிட்டார்கள்.

சிவிங்கிப்புலியிடம் எடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஒரே ஒரு கழுதைப்புலி நெருங்கினாலே இரையை விட்டு எழுந்து போய்விடும். கால் ஊனமானால் அதன் வேகம் போய்விடும், வேகம் போனால் வாழ்க்கையே போய்விடும். செரெங்கேட்டியில் அது பிடிப்பதில் சுமார் பத்தில் ஒன்றை இப்படி இழக்கிறது. அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் குட்டிகளை இழப்பதைத் தாங்குவது கடினம்.

புலி எதிர் செந்நாய் ஒப்பீட்டில் கற்பனைதான் அதிகம். செந்நாயின் எடை 12 முதல் 20 கிலோ. பழைய வேட்டைக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் செந்நாய்க் கூட்டம் புலியைச் சூழ்ந்து கொன்ற கதைகள் உண்டு; அந்தக் கதைகளிலேயே பல செந்நாய்கள் செத்தும் விழுகின்றன. வழக்கமாக நடப்பது வேறு. புலி செந்நாயைக் கொல்கிறது, செந்நாய்கள் புலியைக் கண்டால் எச்சரிக்கைக் குரல் கொடுத்து விலகுகின்றன. ஆனால் சிறுத்தையைச் செந்நாய்கள் மரமேற்றுவது இந்தியக் காடுகளில் அவ்வப்போது காணப்படும் நிகழ்ச்சி. ஒரே கூட்டம் 50 கிலோ பூனையை விரட்டுகிறது, 120 கிலோ பூனைக்கு வழிவிடுகிறது.

கரடி விவகாரம் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் தெளிவாகத் தெரிகிறது. பனியில் பதிந்த புலித் தடத்தைப் பின்தொடர்ந்தே சென்று பழுப்புக் கரடிகள் புலியின் இரையைப் பறிக்கின்றன. அதே காட்டில் புலி கரடியைத் தின்னவும் செய்கிறது. பெரும்பாலும் ஆசியக் கருங்கரடியையும் சிறிய பழுப்புக் கரடியையும். பெரிய ஆண் பழுப்புக் கரடியைச் சீண்டுவதில்லை. ஓநாய்க்கு அங்கே இடமே குறைகிறது: புலி பெருகிய பகுதிகளில் ஓநாய் அரிதாகிவிடுகிறது.

நம் தீபகற்பத்தின் அணிகள்

மலாயாப் புலி: வளர்ந்த ஆண் சுமார் 100 முதல் 130 கிலோ, இந்தியப் புலியைவிடச் சிறியது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு.

சிறுத்தை: தாய்லாந்தின் தெற்கில் நிலம் குறுகும் கிரா நிலச்சந்திக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லாமே கருமை நிறம். அதன் புள்ளிகள் அழியவில்லை, கருமைக்குள் மறைந்திருக்கின்றன. திரெங்கானுவின் கென்யிர் பகுதியில் ஆய்வாளர்கள் தானியங்கி கேமராக்களை ஏமாற்றிப் பகலிலும் இரவு முறையிலேயே இயங்க வைத்தார்கள். அகச்சிவப்பு ஒளியில் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியே அடையாளம் காண முடிந்தது இப்படித்தான்.

படைச்சிறுத்தை, மலாயில் ஹரிமாவ் டாஹான்: 11 முதல் 23 கிலோ. உடல் அளவோடு ஒப்பிட்டால் உயிருள்ள பூனைகளில் மிக நீண்ட கோரைப்பல் இதற்குத்தான். மரத்திலிருந்து தலைகீழாகவே இறங்கும். புலியும் சிறுத்தையும் தரையில் இருக்கும் காட்டில் இந்தத் திறமைதான் அதன் காப்பீடு.

இவற்றுக்குக் கீழே பொன்னிறப் பூனை, பளிங்குப் பூனை, சிறுத்தைப் பூனை, தட்டைத்தலைப் பூனை. செம்பனைத் தோட்டத்தில் இரவில் எலி பிடிப்பது சிறுத்தைப் பூனை. அதைப் "புலிக்குட்டி" என்று எடுத்து வந்து வளர்க்க முயன்று சிக்கலில் மாட்டுவோர் உண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதையும் காக்கிறது.

பூனை அல்லாத போட்டியாளர்களில் செந்நாய் அரிதாகவே கேமராவில் சிக்குகிறது. "புலியைச் செந்நாய் விரட்டியது" என்ற விளக்கம் இங்கே நிற்காததற்கு இதுவே காரணம்: விரட்டும் அளவுக்குச் செந்நாய் இல்லை. சூரியக் கரடி 25 முதல் 65 கிலோதான், ஆனால் தளர்ந்த தோல் அதன் ஆயுதம். புலி பிடரியைக் கவ்வினாலும் தோலுக்குள்ளேயே உடலைத் திருப்பித் திருப்பிக் கடிக்கும். அப்படியிருந்தும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் புலி எச்சத்தில் சூரியக் கரடியின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. வலைத்தோல் மலைப்பாம்பையும் விட்டுவிட முடியாது. போர்னியோவின் கிழக்குக் கலிமந்தானில் ஏறக்குறைய 7 மீட்டர் மலைப்பாம்பு ஒன்று 23 கிலோ பெண் சூரியக் கரடியை விழுங்கியது பதிவாகியிருக்கிறது. முதலைக்கும் புலிக்கும் இங்கே சந்திப்பு மிகக் குறைவு, ஒருவர் கழிமுகம், மற்றவர் உள்காடு.

பினாங்குத் தீவில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. கொடிமலை அடிவாரத்தில் வீட்டுப் பூனை காணாமல் போனால் மலைப்பாம்பையும் தெருநாயையும்தான் முதலில் நினைக்க வேண்டும்.

காணொளியைச் சோதிக்க நாலு கேள்வி

1. கழுதைப்புலியோ சிங்கமோ சிவிங்கிப்புலியோ தெரிகிறதா? அப்படியானால் இடம் மலேசியா அல்ல. ஆசியச் சிவிங்கிப்புலி இயற்கையாக எஞ்சியிருப்பது ஈரானில் மட்டும், ஆசியச் சிங்கம் குஜராத்தில் மட்டும்.

2. மஞ்சள் நிறப் புள்ளிச் சிறுத்தை வண்ணப் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா? தீபகற்பம் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். கருப்பு வெள்ளை அகச்சிவப்புப் படத்தில் புள்ளி தெரிந்தால் அது இயல்பே.

3. தரை காய்ந்த புல்வெளியா? பரந்த சமவெளியில் ஜீப் நிற்கிறதா? நம் காட்டில் 20 மீட்டர் தாண்டிப் பார்ப்பதே அரிது.

4. விலங்கின் விரல்களும் வரிகளும் நொடிக்கு நொடி மாறுகின்றனவா? கணினி உருவாக்கிய காட்சிகள் பெரும்பாலும் பாதத்திலும் வால் நுனியிலும்தான் காட்டிக்கொடுக்கின்றன.

ஒரே காட்டில் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள்

இரை தாராளமாக இருந்தால் வேட்டையாடிகள் அளவு பார்த்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் 1990களில் வெளிவந்த ஆய்வு இதன் அடித்தளம். அங்கே கொல்லப்பட்ட இரைகளின் சராசரி எடை புலிக்கு 90 கிலோவுக்குச் சற்று மேல், செந்நாய்க்கு 43 கிலோ, சிறுத்தைக்கு 38 கிலோ அளவில் இருந்தது. காட்டெருதும் கடமானும் நிறைய இருப்பதால் புலி சின்ன இரையைத் தேடி இறங்கவில்லை. மற்ற இருவரும் புள்ளிமானில் வாழ்ந்தார்கள். மூவரும் ஒரே காட்டில் நெருக்கமாக இருந்தும் ஒருவரை ஒருவர் அழித்துவிடவில்லை.

இன்னொரு வழி உயரம். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காட்டில் ஈராயிரம் சிறுத்தை வேட்டைகளைத் தொகுத்தபோது, பாதிக்குச் சற்று மேற்பட்ட இரைகளைச் சிறுத்தைகள் மரத்தில் ஏற்றியிருந்தன. அப்படியும் ஐந்தில் ஒன்று பறிபோனது. மரமேற்றுவதற்கும் செலவுண்டு: தன் எடைக்கு ஈடான இரையைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏற வேண்டும். போட்டி இல்லாத இடத்தில் சிறுத்தை அந்தச் சிரமத்தை எடுப்பது குறைவு.

மூன்றாவது வழி நேரம், அது எளிதாகப் புரியும்: ஒருவர் இரவில் நடந்தால் மற்றவர் பகலில்.

நம் மழைக்காட்டில் சிக்கல் முதல் வழியில்தான். பசுமையைப் பார்த்து வளமான காடு என்று நினைக்கிறோம், ஆனால் இலைகள் 40 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரையில் மேய்வதற்குப் புல் குறைவு, ஆகவே பெரிய மேய்ச்சல் விலங்குகளும் குறைவு. தாமான் நெகாராவில் 2000ஆம் ஆண்டு வாக்கில் நடந்த ஆய்வில் 100 சதுர கி.மீ.க்கு ஒன்று முதல் இரண்டு புலிகளே இருந்தன. நாகரஹொளேயில் அதே பரப்பில் பத்துக்கு மேல். செலாடாங் எனப்படும் காட்டெருதும் கடமானும் வேட்டையால் தேய்ந்துவிட்டதால், புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டுப்பன்றியையும், கேளையாடு எனப்படும் சிறு மானையும் நம்பவேண்டியதாயிற்று. பங்கீடு குலைந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும்.

ஒதுங்கியவர் எங்கே போகிறார்

உத்தராகண்டின் ராஜாஜி தேசியப் பூங்காவில் இது எண்களாகவே பதிவாயிற்று. மக்கள் இடம்பெயர்ந்த ஒரு பகுதியில் புலி மீண்டும் பெருகியது. நான்கே ஆண்டுகளில் சிறுத்தையின் அடர்த்தி 100 சதுர கி.மீ.க்கு 9க்கு மேலிருந்து சுமார் 2 ஆகச் சரிந்தது. எஞ்சிய சிறுத்தைகளின் உணவில் வீட்டு விலங்குகளின் பங்கு ஏழு விழுக்காட்டிலிருந்து முப்பதைத் தாண்டியது. புலி அத்தனை சிறுத்தைகளையும் கடித்துக் கொல்லவில்லை. விளிம்புக்குத் தள்ளியது. விளிம்பில் ஆடும் நாயும் இருந்தன.

எதிர்த்திசையிலும் நடக்கும். கம்போடியாவின் கிழக்குச் சமவெளியில் புலி அற்றுப்போன பிறகு, சிறுத்தை பன்டெங் எனும் காட்டுமாட்டை முக்கிய இரையாக்கிக்கொண்டது. மேலே ஆள் இல்லையென்றால் கீழே உள்ளவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இனி நம் செய்திகளுக்கு வருவோம். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவுக்குள் நுழைந்து காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. பன்றி குறைந்ததன் பொருளை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். புலிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 முதல் 6 கிலோ இறைச்சி வேண்டும். 40 கிலோ பன்றியில் தின்னத்தக்கது 26 கிலோ என்று வைத்தால் நான்கைந்து நாள் ஓடும். இரண்டாம் நாளே இரை பறிபோனால் வேட்டை மூன்று நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும். வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்பவை. பன்றியும் அரிது என்றால் நடக்கவேண்டிய தூரம் பெருகுகிறது; பெருகும் தூரம் தோட்டப்புறத்தையும் பூர்வகுடியினர் கிராமத்தையும் தொடுகிறது. கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் 2022, 2023 ஆண்டுகளில் புலி தாக்கி உயிர்கள் போயின. ஒவ்வொரு சம்பவத்துக்கும் பன்றிக் காய்ச்சலே காரணம் என்று சொல்வது அவசரம். காடழிப்பு, சாலை, வேட்டை எல்லாம் சேர்ந்தவை அவை. ஆனால் பசித்த புலியின் நடைதூரம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை.

இதற்குள் கம்பிக் கண்ணி நுழையும்போது கணக்கு முற்றிலும் கெடுகிறது. கண்ணி இரைவிலங்குக்கும் புலிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. அறுத்துக்கொண்டு தப்பிய புலிக்கு ஒரு பாதம் அழுகிப் போகும். அந்தப் புலி தன் இரையைக் காக்க முடியாது, இளைய ஆண் வந்தால் எல்லையைக் காக்க முடியாது, கேளையாட்டைத் துரத்த முடியாது. விளிம்பில் மாட்டை அடிக்கும் புலிகளில் இத்தகையவை இருப்பது வியப்பல்ல. காவல்துறையும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் 2019 முதல் சேர்ந்து நடத்தும் கண்ணி ஒழிப்பு நடவடிக்கை, வேட்டைக்காரரைப் பிடிப்பதோடு இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியையும் அறுக்கிறது.

நாய் காவலா, விருந்தா

புலியும் சிறுத்தையும் நாயைக் கண்டு அஞ்சுவதில்லை. சிறுத்தைக்கு 15 கிலோ நாய் என்பது சரியான அளவு இரை. கட்டிப்போட்ட நாய் ஓட முடியாது, குரைத்துத் தன் இருப்பிடத்தையும் சொல்லிவிடுகிறது. தோட்ட ஓரத்தில் அவிழ்த்துவிட்ட நாய்கள் சிறுத்தையை நெருங்கி, பிறகு அலறிக்கொண்டு மனிதர் இருக்கும் இடத்துக்கே ஓடிவருவதும் உண்டு. பின்னால் வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி பூனை இனத்தையும் தாக்கும். 1994இல் செரெங்கேட்டி சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதனால் மடிந்தன. 2019இல் திரெங்கானுவின் டுங்குன் பகுதியில் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் நடமாடிய புலி ஒன்று பிடிக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தது. அதற்கு இந்த நோய் இருந்தது உறுதியானது. நச்சுயிரி மூளையைத் தாக்கும்போது புலியின் இயல்பான அச்சம் போய்விடுகிறது. "சாதுவான புலி" என்று படம் பிடிக்க நெருங்குவது எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரியும். மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. ஆனால் 150க்கும் குறைவாக உள்ள ஓர் இனத்துக்குள் அது பரவினால் எந்தப் பல்லும் நகமும் செய்யாத சேதத்தைச் செய்யும்.

காட்டோரம் நாய் வளர்ப்போருக்கு:

1. டிஸ்டெம்பர் அடங்கிய கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் போட வேண்டும். ஓராண்டில் ஊக்க ஊசி. ஒரே ஊசியோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப்பொருள் முதல் ஊசியைச் செயலிழக்கச் செய்யலாம்.

2. இரவில் நாயையும் ஆட்டையும் கூரையுள்ள அடைப்புக்குள் வைக்க வேண்டும். திறந்த மேற்பகுதி சிறுத்தைக்குத் தடையல்ல.

3. செத்த கோழியையும் இறைச்சிக் கழிவையும் வேலியோரம் வீசக் கூடாது. முதலில் உடும்பு வரும், பன்றி வரும், நாய் வரும். அவற்றைத் தேடி மற்றவர் வருவார்.

சடலம் சொல்வது

ஆடோ மாடோ செத்துக் கிடந்தால் கொன்றது யார் என்பதை ஓரளவு படிக்க முடியும்.

1. கடி. தொண்டையிலோ பிடரியிலோ நான்கு ஆழ்ந்த துளைகள், மற்ற இடங்களில் சிராய்ப்பு குறைவு என்றால் பூனை. விலாவிலும் பின்தொடையிலும் பல இடங்களில் கிழிசல் என்றால் நாய்.

2. தின்னத் தொடங்கிய இடம். புலி பெரும்பாலும் பின்பகுதியில் தொடங்கும். சிறுத்தை வயிறு, மார்புப் பக்கம். இது விதியல்ல, போக்கு மட்டுமே.

3. இழுத்த தடம். பூனை சடலத்தை மறைவுக்கு இழுக்கும். நாய்கள் விழுந்த இடத்திலேயே பிய்க்கும்.

4. காலடி. பூனைத் தடத்தில் நகம் பதியாது, விரல்கள் சமச்சீராக இருக்காது, குதிகால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு இருக்கும். நாய்த் தடத்தில் நகம் பதியும், விரல்களுக்கும் மெத்தைக்கும் நடுவே X வடிவில் கோடு வரைந்துவிடலாம். ஈரச் சேற்றில் நாய்த் தடம் பரந்து பெரிதாகும். தோட்டங்களில் எழும் "புலித்தட" அலறல்களில் பல இப்படி வந்தவை. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு 20 சென் நாணயம் வையுங்கள், அளவில்லாத படத்தால் பெர்ஹிலித்தானுக்குப் பயனில்லை.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: அதிகாரிகள் வரும் முன் சடலத்தை நகர்த்துவது. அடித்த விலங்கு அன்றிரவோ மறுநாளோ திரும்பி வரும். தன் இரைமேல் குனிந்து நிற்கும் மனிதர் அதன் கணக்கில் இரை பறிக்க வந்த இன்னொரு போட்டியாளர்தான். மிரட்டலுக்கு விலகத் தெரியாத போட்டியாளர். தூரத்திலிருந்து படமெடுத்து, வந்த வழியே, முதுகு காட்டாமல், கூட்டமாகவே திரும்புங்கள்.